பினாங்கு வாடகைக்குக் காரைக்குடியில் ஏன் வரி?

கேள்வி கேட்டவர் காரைக்குடியில் குடியிருப்பவர். ஐயா (தாத்தா) காலத்தில் மலேசியாவின் பினாங்கில் வாங்கிய கடைவீடு ஒன்று பாகத்தில் இவருக்கு வந்திருக்கிறது. வாடகை அங்குள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது, அங்கேயே வரியும் கட்டுகிறார். அப்பச்சி (அப்பா) இருந்தவரை ஆடிட்டர் “மலேசியா வருமானத்தை இங்கே காட்ட வேண்டாம், ஒப்பந்தம் இருக்கிறது” என்று சொல்லியிருக்கிறார். இப்போது வருமான வரித்துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. “இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் என்று பெயர் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கேட்கிறார்களே, அப்புறம் அது என்ன ஒப்பந்தம்? அரசாங்கம் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாமா?” என்கிறார். கட்ட வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் கேட்டிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு போட்ட கையெழுத்தில் சாதாரணக் குடும்பத்துக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

செட்டிநாட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக வரிக் கணக்கு பார்க்கிறேன். தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர் என்று எந்த ஊரில் கணக்கைப் பிரித்தாலும் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று ஒரு வரியாவது வரும். மலேசியச் சட்டத்தில் நான் தொழில் செய்தவன் அல்ல, அந்தப் பக்கக் கணக்கை அங்குள்ள வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தையும் நான் பார்க்கவில்லை. இந்தியச் சட்டத்தையும் ஒப்பந்தம் நடக்கும் விதத்தையும் பற்றி மட்டும் உறுதியாகப் பேச முடியும்.

முதலில் ஒப்பந்தத்தின் பெயரை மறந்துவிட்டு உள்ளே போவோம். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் இரண்டு விதமான சொற்றொடர்கள் வருகின்றன. ஒன்று, இந்த வருமானத்துக்கு இந்த நாட்டில் “மட்டுமே வரி விதிக்கப்படும்” என்பது. மற்றது, அந்த நாட்டில் “வரி விதிக்கப்படலாம்” என்பது. முதல் வகையில் இன்னொரு நாடு முழுக்க ஒதுங்கிவிடுகிறது. இரண்டாவது வகையில் சொத்து இருக்கும் நாட்டுக்கு முதல் பங்கு கிடைக்கிறது, ஆள் குடியிருக்கும் நாடும் தன் பங்கைக் கேட்கலாம். ஆனால் அங்கே கட்டியதைக் கழித்துக்கொடுத்தாக வேண்டும். இந்தியா மலேசியா ஒப்பந்தத்தில் அசையாச் சொத்தின் வருமானத்துக்கு இரண்டாவது சொற்றொடர்தான் இருக்கிறது. ஆகவே வாடகையை இந்தியக் கணக்கிலும் காட்ட வேண்டும், மலேசியாவில் கட்டியதை இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். இன்றைய நிலையில் இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் உங்கள் பழைய ஆடிட்டர் தவறாகச் சொன்னாரா? இல்லை. அவர் சொன்ன காலத்தில் அதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே ஆதாரமாக இருந்தது. எங்கள் தொழிலில் குலந்தகன் செட்டியார் வழக்கு என்று சொல்வோம். மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு நிறுவனம். தோட்ட வருமானம் 88,424 ரூபாய், சொத்தை விற்றதில் குறுகிய கால லாபம் 18,113 ரூபாய். நிர்வாகம் இந்தியாவிலிருந்து நடக்கிறது, எனவே இரண்டுக்கும் இங்கே வரி என்றது துறை. அந்தத் தொகைக்காக வழக்கு மேலே மேலே போய், 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சொத்து மலேசியாவில், பொருளாதார உறவு மலேசியாவோடு, ஒப்பந்தம் அந்த நாட்டுக்கு வரி உரிமை கொடுத்திருக்கிறது, எனவே இந்தியா கேட்க முடியாது என்பது அதன் சாரம். செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். மலேசிய வருமானத்தை இங்கே வரிக்குச் சேர்க்காமல் விட்ட கணக்குகள் எத்தனையோ.

என் கருத்தைக் கேட்டால், அந்தத் தீர்ப்பு “வரி விதிக்கப்படலாம்” என்ற சொல்லை அது தாங்குவதற்கு மேலாக நீட்டிப் படித்தது. “மட்டுமே” என்ற சொல்லை ஒப்பந்தம் எழுதியவர்கள் சில இடங்களில் போட்டு, சில இடங்களில் போடாமல் விட்டிருக்கிறார்கள். அந்த வித்தியாசத்துக்குப் பொருள் இருந்தே ஆக வேண்டும். நான் மதிக்கும் சில மூத்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வாதமும் லேசானதல்ல: இரண்டு நாடுகளும் பல வருஷம் ஒரு விதமாகப் புரிந்து நடந்த சொல்லுக்கு, பிற்பாடு ஒரு நாடு மட்டும் புதுப் பொருள் சொல்லலாமா என்கிறார்கள்.

ஆனால் அதுதான் நடந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 90ஆம் பிரிவில் 2003ல் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ விளக்கப்படாத சொல்லுக்கு மத்திய அரசு அறிவிக்கை மூலம் பொருள் சொல்லலாம் என்பது அதன் ஏற்பாடு. அந்த அதிகாரத்தை வைத்து 2008 ஆகஸ்ட் 28ஆம் தேதி அறிவிக்கை வந்தது: “வரி விதிக்கப்படலாம்” என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த வருமானம் இந்தியாவில் மொத்த வருமானத்தோடு சேரும், நிவாரணம் ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி கிடைக்கும். அரசிதழில் ஒரு பத்தி, அவ்வளவுதான். பல நாடுகளோடு கையெழுத்தான ஒப்பந்தங்களின் பொருள் அதற்குப்பின் இந்தியாவுக்குள் வேறாகிவிட்டது. எந்த ஆண்டிலிருந்து இது செல்லும் என்பதில் தீர்ப்பாயங்களில் வாதம் நடந்திருக்கிறது, ஆகவே பழைய ஆண்டுகளைப் பற்றிய கடிதமாக இருந்தால் அதை ஒரு வழக்கறிஞர் பார்க்க வேண்டும். 2008க்குப் பிந்திய வருமானத்துக்குப் பழைய தீர்ப்பைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. ஒப்பந்தத்தை யார் போடுகிறார்கள்? அமெரிக்காவில் வரி ஒப்பந்தம் செனட் சபைக்குப் போய் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வாங்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. வருமான வரிச் சட்டம் கொடுத்த அதிகாரத்தின்படி மத்திய அரசு பேசி, கையெழுத்திட்டு, அரசிதழில் வெளியிட்டால் போதும். நாடாளுமன்றம் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் வாக்கெடுப்புக்கு எடுப்பதில்லை, அந்த அதிகாரத்தைச் சட்டத்தின் மூலம் முன்கூட்டியே கொடுத்துவிட்டது. “சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி இல்லை” என்கிறது அரசியல் சாசனத்தின் 265ஆம் பிரிவு. வரியைக் குறைக்கிற, பங்கிடுகிற, விட்டுக்கொடுக்கிற பெரிய முடிவுகளோ அதிகாரிகளின் மேசையில் நடக்கின்றன. இதை நான் குறையாகவே பார்க்கிறேன். இரண்டு நாட்டு அதிகாரிகள் மாதக்கணக்கில் பேரம் பேசும் விஷயத்தைச் சபையில் வரி வரியாகத் திருத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் முடிந்தபின் ஒரு விவாதமாவது வைக்கலாம் அல்லவா?

அரசிதழ் அறிவிக்கைக்கு எவ்வளவு பலம் என்பது 2023 அக்டோபரில் நெஸ்லே வழக்கில் வெளிச்சமாகத் தெரிந்தது. சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பிரான்ஸ் போன்ற நாடுகளின் ஒப்பந்தங்களில், இந்தியா பிற்பாடு வேறொரு நாட்டுக்குக் குறைந்த வரி கொடுத்தால் எங்களுக்கும் அதே சலுகை என்று ஒரு விதி உண்டு. விதி இருந்தாலும் அதற்கென்று தனியாக அரசிதழ் அறிவிக்கை வராதவரை அது இந்தியாவில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுவிட்சர்லாந்து சும்மா இருக்கவில்லை. தான் கொடுத்துவந்த சலுகையை நிறுத்தி, 2025 ஜனவரி 1 முதல் அங்கிருந்து இந்தியர்களுக்கு வரும் ஈவுத்தொகைக்கு 5 சதவீதத்துக்குப் பதிலாக 10 சதவீதம் என்று மாற்றிக்கொண்டது. ஒரு அரசின் பேச்சுக்கு இன்னொரு அரசு இப்படித்தான் பதில் சொல்லும். நடுவில் இருக்கும் வரி கட்டுபவர் இதில் கட்சிக்காரர் இல்லை. ஒப்பந்தம் தரும் சலுகையை அவர் கேட்டு வாங்கலாம், வழக்கும் போடலாம், ஆனால் பேச்சுவார்த்தையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

முதல் பங்கு யாருக்கு என்ற சண்டை நூறு வருஷப் பழசு. முதல் உலகப் போருக்குப்பின் எல்லா நாடுகளும் வரியை ஏற்றியபோது, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) நான்கு பொருளாதார அறிஞர்களிடம் யோசனை கேட்டது. நெதர்லாந்தின் புருயின்ஸ், இத்தாலியின் ஈனாவ்டி, அமெரிக்காவின் செலிக்மன், பிரிட்டனின் ஸ்டாம்ப். 1923ல் அறிக்கை கொடுத்தார்கள். நால்வரும் மூலதனம் வெளியே அனுப்பிய உலகத்தைச் சேர்ந்தவர்கள். ரப்பரும் அரிசியும் விளைந்த நாடுகளின் ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. பிறகு 1943ல் மெக்சிகோவில் ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரானது. அங்கே லத்தீன் அமெரிக்க நாடுகளின் குரல் ஓங்கியிருந்ததால், வருமானம் விளையும் நாட்டுக்கே முதன்மை என்று எழுதினார்கள். போர் முடிந்து 1946ல் லண்டனில் கூடியபோது பணக்கார நாடுகள் திரும்பி வந்து உட்கார்ந்தன, முதன்மை மறுபடி முதலீட்டாளர் குடியிருக்கும் நாட்டின் பக்கம் சாய்ந்தது. 1963ல் பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி தயாரித்த வரைவு லண்டன் வழியிலேயே போனது. வளரும் நாடுகளுக்காக ஐ.நா. தனி மாதிரி ஒன்றை வெளியிட 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதிரிக்கும் வித்தியாசம் சின்னச் சின்ன எண்களில் ஒளிந்திருக்கும். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கட்டுமான வேலை செய்தால், ஓஇசிடி மாதிரியில் 12 மாதம் தாண்டினால்தான் வேலை நடக்கும் நாடு வரி கேட்கலாம், ஐ.நா. மாதிரியில் 6 மாதம். அந்த ஆறு மாத வித்தியாசத்தில் எத்தனை கோடி எந்தப் பக்கம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் அல்ல, பட்டுத் தெரிந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன தலைமுறை மூன்று வருஷத் தவணைக்கு ஒருமுறை ஊர் திரும்பி ஐந்தொகை (சொத்து, கடன், லாபக் கணக்கு) எழுதிய காலத்தில், வெளிநாட்டுக் கடையின் லாபம் இங்கே வந்து சேர்ந்தால்தான் இங்கே வரி என்பதே 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுவான போக்கு. 1932ல் இலங்கை தன் வருமான வரியைக் கொண்டுவந்தது. 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. முந்தின நாள் வரை ரங்கூன் கடையில் ஈட்டியது உள்நாட்டு வருமானம், மறுநாள் அது வேற்று நாட்டு வருமானம். கடை நகரவில்லை, ஆள் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. 1939ல் இந்தியச் சட்டத்தையே திருத்தி, இங்கே வழக்கமாகக் குடியிருப்பவரானால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கொண்டு வந்தாலும் வராவிட்டாலும் வரி என்று ஆக்கினார்கள். வெளியிலேயே நின்ற வருமானத்தில் 4,500 ரூபாய் கழிவு மட்டும் கொடுத்தார்கள். மலாயாவும் சிங்கப்பூரும் அமைதிக் காலத்து வருமான வரியை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொண்டுவந்தன. பதினைந்து வருஷத்துக்குள் ஒரே ஐந்தொகையைப் பார்க்க மூன்று நான்கு அரசுகள் வந்து நின்றன.

அந்தக் காலத்து வழக்கு ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதன் விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. சுப்பையா செட்டியார் கொழும்பில் குடும்பத்தோடு இருந்து தொழில் செய்தவர், கூட்டுக் குடும்பத்தின் கர்த்தா, அதாவது குடும்பத்தை நிர்வகிக்கும் தலைவர். 1942-43ல் சில முறை இந்தியா வந்து மொத்தம் 101 நாள் தங்கினார். குடும்பக் காரியங்கள் சிலவற்றைக் கவனித்தார், வரி விசாரணைக்கும் போனார். கூட்டுக் குடும்பத்தின் நிர்வாகம் முழுக்க முழுக்க வெளிநாட்டில் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு, அதை அவர் செய்யவில்லை என்று 1950 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. குடும்பம் இந்தியக் குடியிருப்பாளர் ஆனது, கொழும்பு வருமானம் இந்திய வரிக்குள் வந்தது. குடியிருப்பு என்பதை நாம் அடுப்பெரியும் வீட்டை வைத்துச் சொல்வோம். அரசு அதை எங்கிருந்து உத்தரவு போகிறது என்பதை வைத்தும் அளக்கும். பினாங்குச் சொத்து உங்கள் பேரில் இல்லாமல் இன்னும் கூட்டுக் குடும்பப் பேரிலேயே இருந்தால், இந்த விதி உங்களையும் தொடும் என்பதைக் கவனியுங்கள்.

இனி, உங்கள் எழுத்தில் தெரிந்த ஆதங்கம்: “பெரிய கம்பெனிகள் மொரீஷியஸ் வழியாக ஒன்றும் கட்டாமல் போகவில்லையா?” போனார்கள். 1982ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், இந்தியக் கம்பெனிப் பங்கை மொரீஷியஸ் குடியிருப்பாளர் விற்றால் லாபத்துக்கு மொரீஷியஸில் “மட்டுமே” வரி என்று இருந்தது. அங்கே அந்த லாபத்துக்கு வரி கிடையாது. மேலே நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லின் விலை இதுதான். 2000ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை போட்டு, மொரீஷியஸ் அரசின் குடியிருப்புச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2003ல் ஆசாதி பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் திரும்ப நிலைநிறுத்தியது. வெளிநாட்டு முதலீடு தேவைப்படும் நாடு சிலவற்றைச் சகித்துக்கொள்ளலாம், அது அரசின் முடிவு என்ற தொனி அந்தத் தீர்ப்பில் உண்டு. 2016 மே 10ஆம் தேதிதான் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் 1க்குப்பின் வாங்கிய பங்குகளின் லாபத்தில் இந்தியாவுக்கு உரிமை கொண்டுவந்தார்கள். முப்பத்து நான்கு வருஷம். உங்கள் வாடகை விஷயத்தில் 2004 தீர்ப்புக்கு 2008ல் பதில் வந்துவிட்டது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கும் மனசு கனக்கிறது. மொரீஷியஸ் வழியை மூடினால் பணம் வராமல் போகுமோ என்ற பயம் தொடர்ந்து வந்த அரசுகளுக்கு இருந்தது, வாடகை வாங்கும் காரைக்குடிக்காரரிடம் அந்தப் பயம் யாருக்கும் இல்லை என்பதுதான் என் கணிப்பு. இது கணிப்புதான், எந்தக் கோப்பிலும் இப்படி எழுதியிருக்காது. கட்சிச் சார்பாகவும் இதைச் சொல்லவில்லை.

சரி, உங்கள் கையில் இருக்கும் காரியத்துக்கு வருவோம். கடிதம் ஏன் இப்போது வந்தது? நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை வருஷாவருஷம் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியா 2017லும் மலேசியா 2018லும் சேர்ந்தன. வாடகை விழும் பினாங்குக் கணக்கு உங்கள் பேரில் இருந்தால், அது இங்கே தெரிந்திருக்கும். பயப்படாமல் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு நான் எடுத்த எண்கள் இவை: ரூபாயில் பார்த்தால் வருஷ வாடகை 6 லட்சம். செலவு போக 5 லட்சத்துக்கு மலேசியாவில் குடியிருப்பாளர் அல்லாதவருக்கான 30 சதவீதம், அதாவது 1,50,000 கட்டியாயிற்று. இங்கே 6 லட்சத்தில் உள்ளூர் வரி 40,000 போக 5,60,000. அதில் 30 சதவீதக் கழிவு போக 3,92,000. உங்கள் சராசரி விகிதம் 20 சதவீதம் என்று வைத்தால் இந்திய வரி 78,400, மேல்வரியைச் சேர்க்காமல். அங்கே கட்டியது அதைவிட அதிகம் என்பதால் 78,400 முழுவதும் கழிந்துவிடும், கையிலிருந்து ஒன்றும் போகாது. மீதமிருக்கும் 71,600ஐ இந்தியா திருப்பித் தராது. இரண்டில் எது குறைவோ அதுவே கழிவு. பெரும்பாலான குடும்பங்களுக்கு வரியைவிட ஆவணம்தான் சுமை.

அந்த ஆவணத்தில் கோட்டை விடாதீர்கள். வெளிநாட்டு வரியைக் கழிக்கக் கேட்கும் படிவத்தை இத்தனை நாள் 67 என்று அழைத்தோம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன, ஆண்டைப் பார்த்துச் சரியானதைப் போடுங்கள். மலேசியாவில் ஜனவரி முதல் டிசம்பர், இங்கே ஏப்ரல் முதல் மார்ச், ஆகவே அங்குள்ள ரசீதை மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் கடைவீட்டையும் வங்கிக் கணக்கையும் இரண்டையும் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால், வரி ஒரு ரூபாய்கூட இல்லை என்றாலும், 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் உண்டு. கண்டனூரில் ஒரு ஆச்சி, கணவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் ஒவ்வொரு வருஷத்து மலேசிய வரி ரசீதையும் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கடிதம் வந்தபோது அந்தக் கட்டுகளை எடுத்து அடுக்கினோம், மூன்று மாதத்தில் விவகாரம் தீர்ந்தது. உங்கள் ஐயா வீட்டுப் பட்டாலையிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வரி ரசீது, வங்கித் தாள் இந்த நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, கடிதத்தில் போட்டிருக்கும் கெடு தேதிக்குள் பதில் கொடுங்கள். 2008க்கு முந்திய ஆண்டு எதையாவது அதில் கேட்டிருந்தால் மட்டும், பதில் எழுதும் முன் வரி வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.